மூலையில் இருந்த தேதி

வெங்கட்ராம் சார் நல்ல மனுஷர் என்று யாராவது என் எதிரில் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனுஷர்தான், யார் இல்லை என்றார்கள்? கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சிதம்பரத்தில் தெற்கு வீதியில் அவர் வீடு. வங்கியில் வேலை, மற்ற நேரமெல்லாம் கிம்ப்தான். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் படம் திருத்தும் மென்பொருள் அது. கடலூரில் இருக்கும் நானும் அவரும் சேர்ந்து 'இலவசத் தூரிகை' என்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு ஆரம்பித்தோம். வாரம் ஒரு படம் போடுவோம். எல்லோரும் அதே படத்தில் கைவைத்துப் பழகுவார்கள். எப்படிச் செய்தோம் என்று அடுத்தவருக்குச் சொல்லித் தருவார்கள். ஒளிவுமறைவு கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அதில்தான் எங்களுக்குப் பெருமை ஜாஸ்தி. மண்ணாங்கட்டிப் பெருமை.

என் தம்பி ஜாபிருக்குக் குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. போன வருஷம் ஒரு மத்தியானம் ஆசிட் குழாய் பிய்த்துக்கொண்டு இரண்டு கையிலும் அடித்தது. அப்படிப் பட்டால் ஓடிப்போய் நிற்பதற்கென்றே அங்கே ஒரு ஷவர் உண்டு. ஓடினான். சங்கிலியை இழுத்தான். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பைப்பையே கழற்றி, வாயில் சாக்குத்துணி அடைத்து வைத்திருந்தார்கள்.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? ஷவர் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியதாம். அதைக் கழற்றியது அடுத்த மாதமாம். இவன்தான் சொல்லிக் கொடுத்த பேச்சைக் கேட்காமல் வாசல் பக்கம் ஓடினானாம். அதனால் நஷ்டஈடு கிடையாதாம். நஷ்டஈடு வந்தால்தான் ஒட்டிப்போன விரல்களைப் பிரிக்கிற ஆபரேஷன். வராவிட்டால் ஆயுசுக்கும் அவனுக்கு யாராவது ஊட்டிவிட வேண்டும்.

அவனோடு வேலை பார்த்த காத்தவராயன் இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அன்னிக்கே எடுத்தேன்மா. என் பேர மட்டும் இழுத்துடாதீங்க. புள்ளகுட்டிக்காரன், வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கழற்றிய பைப், சாக்குத்துணி, எல்லாம் இருந்தது. மூலையில் மஞ்சள் எழுத்தில் விபத்து நடந்த தேதி. அவர் போன் தானாகப் போடுகிறது. அனுப்பிய கையோடு தன் போனிலிருந்து அழித்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், தம்பி பிழைத்தான் என்று அழுதேன்.

படம் ஒரே இருட்டு. வெங்கட்ராம் சாருக்கு அனுப்பி, "சார், கொஞ்சம் வெளிச்சம் மட்டும் கூட்டிக் குடுங்க" என்றேன். சாயங்காலமே வந்தது. சாக்குத்துணியின் நூல்கூடப் பளிச்சென்று தெரிந்தது. தேதியைத்தான் காணோம்.

போன் போட்டேன். "சார், தேதி எங்க?"

"அதுவா? மூலையில அசிங்கமா இருந்துதும்மா, ஃப்ரேமையே கெடுக்குது. எடுத்துட்டேன். பாத்தியா, எடுத்த எடமே தெரியல!"

தலையில் அடித்துக்கொண்டேன். படத்தில் தேதியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. சோற்றில் கல்லைக் கண்ட மாதிரி பொறுக்கி எறிந்துவிடுவார். போகட்டும், அசல்தான் என்னிடம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அப்புறம் தம்பிக்குச் சோறு ஊட்டுவதும் கட்டு மாற்ற அழைத்துப் போவதுமாக நாள் ஓடியது. குழுப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நஷ்டஈடு கேட்டு நாங்கள் போட்ட மனுவின் விசாரணை கடலூரில் நடந்தது. அசல் படத்தைக் கொடுத்தேன். கம்பெனி வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு கட்டு பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பினார். அத்தனையிலும் அதே ஷவர், அதே சாக்குத்துணி. அதே மூலையில் அதே மஞ்சள் எழுத்து. ஒன்றில் தீபாவளித் தேதி, ஒன்றில் பொங்கல். ஒரு குறும்பன் 1947 ஆகஸ்ட் 15 என்று போட்டிருந்தான். விசாரணை அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் அனுப்பிய அசலையே வெங்கட்ராம் சார் குழுவில் போட்டிருக்கிறார். 'இந்த வாரப் பயிற்சி: தேதியை எடுப்பது எப்படி, திரும்ப வைப்பது எப்படி?' அடப்பாவி மனுஷா! என் தம்பி கை வெந்தது உங்களுக்குப் பயிற்சியா?

"நீங்களும் அந்தக் குழுவுல அட்மின்தானேம்மா?" என்றார் வக்கீல்.

"ஆமா."

"இதுல எது நெஜம்?"

"நான் குடுத்ததுதான் நெஜம்."

"அப்படித்தான் சொல்லுவீங்க."

படத்தை எடுத்தவர் யார் என்று அதிகாரி கேட்டார். காத்தவராயன் கெஞ்சிய முகம் கண் முன்னால் வந்தது. எடுத்தவர் வரமாட்டார் சார், திருத்தியவரைக் கூட்டிவருகிறேன் என்றேன். அதற்கு ஒரு நாள் கொடுத்தார்.

அன்றைக்கு வெங்கட்ராம் சாரை நான் பேசிய பேச்சு வெளியில் சொல்ல முடியாது. அத்தனையும் வாங்கிக்கொண்டு அழுதார். "நானே வந்து சொல்றேம்மா" என்றார். சொன்னபடி சிதம்பரத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்தும் சேர்ந்தார்.

"இந்த நஜியா அனுப்பும்போதே தேதி இருந்துது சார். எடுத்தது நான். திரும்ப வெச்சு வெளையாடுனது எங்க குழு. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் அதிகாரியிடம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் ஜாபிர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வக்கீல் இரண்டு படங்களை அவரிடம் நீட்டினார். "ரெண்டுலயும் விபத்து நடந்த தேதிதான் இருக்கு. ஒண்ணு இந்தம்மா அசல்னு குடுத்தது. இன்னொண்ணு உங்க ஆளு எடுத்துட்டுத் திரும்ப வெச்சது. நீங்கதான் கத்துக் குடுக்குறவராச்சே, எது எதுன்னு சொல்லுங்க சார்."

வெங்கட்ராம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டையும் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஏதாவது சொல்லுங்கள், எழுத்து ஓரம் மங்கல் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் உதடு மெல்ல விரிந்தது.

"சொல்ல முடியாது சார். துளிகூட வித்தியாசம் இல்ல. சிவப்ரியான்னு ஒரு பொண்ணு செஞ்சது. போன வருஷம் வரைக்கும் அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் கத்துக் குடுத்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். படத்தை ஆதாரமாக ஏற்க முடியாது, வேறு சாட்சி இல்லையென்றால் மனு நிற்காது என்றார். வக்கீல் பிரிண்டுகளை அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

வாசலில் வெங்கட்ராம் சார் என் பின்னாலேயே வந்தார். "நான் பொய் சொல்லலியேம்மா. இருக்கறதத்தானே சொன்னேன்?"

"பொய் சொல்லல சார். சிரிச்சீங்க."

"நானா? நான் எப்பம்மா சிரிச்சேன்?" என்றார். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டார்.

என் பக்கத்தில் நின்ற ஜாபிர், "நான் பாத்தேன் சார்" என்றான்.