வண்டிச் சத்தம் இல்லாமல் வந்த நாள்

குனியக் கூடாது, தொடக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது, பத்து நிமிஷம் அது அங்கே இருப்பதே தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்... கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சபீனா சொல்லி அனுப்பியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன், மூணு மாசக் குட்டிநாய் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று நாற்பத்து நாலு வயசில் பாடம் படிக்கிறேன், நல்ல பிழைப்பு. வண்டி ஓடியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பேன். விடிகாலையில் பலமனேர் தக்காளியைத் திருப்பதி மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதே கிளட்ச் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது, உருட்டி உருட்டி சித்தூர் வரைக்கும் கொண்டுவந்து மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, தெருமுனையில் இறங்கி, இதோ வெறுங்காலோடு சிமெண்ட் ரோட்டில்... ஐயப்பனுக்கு மாலை போட்டவனுக்குச் செருப்பு ஏது, முப்பத்தாறு நாள் ஆச்சு, கறுப்பு வேட்டியும் பச்சைத்தண்ணிக் குளியலும்கூடப் பழகிவிட்டது, இந்த மத்தியான ரோடு மட்டும் பழகவில்லை. வியாழக்கிழமை இருமுடி கட்டு. அதற்குள் அந்தக் குட்டிநாய் ஜில்லு என் காலில் மூத்திரம் போகிற பழக்கத்தை விடாவிட்டால் குடிபாலாவில் என் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. குருசாமி கோவர்த்தனன் வீட்டுக்கே வந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "சம்பத் சாமி, மாலை போட்டவன் காலு மேல நாய் மூத்திரம் போனா மைல, தீட்டுதான? எத்தினி வாட்டி தலை முழுவிக்கினு இருப்ப, அனுப்சிட்டு மலைக்குக் கெளம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் பொண்ணு காவ்யா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு அவ்வளவு வீம்பு... இல்லை, வீம்பில்லை, நேற்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் சத்தமே இல்லாமல் அழுததைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி எழுந்து போனேன்.

நாயைக் கொண்டுவந்ததும் அவள்தான். மாலை போட்டுப் பத்து நாள் இருக்கும், கூடப் படிக்கிற பிரீத்தி வீட்டில் போட்ட குட்டி என்று துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள், பின்னால் தாட்சாயணி, "சாமி, கொழந்த ஆசப்படுது சாமி" என்று சிபாரிசு. மாலை போட்டதிலிருந்து என் பெண்டாட்டிக்கு நான் சாமி. சாமி எப்படி மாட்டேன் என்று சொல்லும், சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்கிறார்கள், மாலை கழுத்தில் இருக்கும்போது கேட்டால் கத்த மாட்டேன் என்று அம்மாவும் பொண்ணும் கூடிப் பேசிவைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது, அதுகூட எனக்கு அன்றைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது... ஏன் வேடிக்கையாக இருந்தது? தெரியவில்லை. அந்த ஜில்லு வாசலில் வண்டி வந்து நின்றதும் ஓடிவரும், வந்து என் காலடியில் வயிறு தரையில் படப் பதுங்கி, காதை ஒட்டவைத்துக்கொண்டு, சர்ரென்று போய்விடும், வெதுவெதுவென்று என் பாதத்தின் மேலேயே. முதலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை, என்னைக் கண்டால் அதற்கு அவ்வளவு சந்தோஷம் என்று மார்க்கெட்டில் நாலு பேரிடம் சொன்னேன். டாக்டரம்மாதான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சந்தோஷத்துலயும் போகும், பயத்துலயும் போகும் சாமி. எல்லாருக்கும் பண்ணுதா, உங்க ஒருத்தருக்கா?" என்று கேட்டார். எல்லாருக்கும்தான் மேடம் என்று சொன்னேன். பொய். கேஸ் சிலிண்டர் போடுகிற பையனுக்குப் பண்ணாது, பிரீத்திக்குப் பண்ணாது, தாட்சாயணி மேல் ஏறி விழுந்து புரளும், ஒரு சொட்டு போகாது. மாலை கழுத்தில் தொங்க எதற்கு அந்தப் பொய்? பயம் என்றால் எதற்குப் பயம், அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அது என்ன கண்டது, அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியதுண்டா, சாராயம் தொட்டதுண்டா, அதற்குத் தெரிந்தது இந்தச் சாமியைத்தானே. முன்னாலெல்லாம் சரி, குடித்துவிட்டு வருவேன், கத்துவேன், குழம்பில் உப்பு இல்லையென்று தட்டு பறந்திருக்கிறது, சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது, ஆனால் கை நீட்டியவன் இல்லை, தாட்சாயணி மேல் ஒரே ஒரு தடவை... இரண்டு தடவை. அது வேற காலம். அந்த ஆளை இந்த நாய் பார்த்ததே இல்லை.

கேட் திறந்தே கிடந்தது. உள்ளே ஞாயிற்றுக்கிழமை டீவி சத்தம், அதையும் மீறி ஒரு சிரிப்பு, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன், இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அது தாட்சாயணி என்று தெரிந்தது. வாய் விட்டு, மூச்சு வாங்க, இப்படியெல்லாம் சிரிப்பாளா இவள்? காவ்யா யாரோ மாதிரி குரலைக் கட்டையாக்கிப் பேசிக் காட்டுகிறாள், "நிறுத்துடி, வயிறு நோவுது, நிறுத்துடி" என்று இவள் கெஞ்சுகிறாள். வெறுங்காலில் வந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. ஜில்லுதான் முதலில் பார்த்தது. பார்த்ததும் பாய்ந்து வந்தது, பின்னங்காலில் நின்று என் முழங்காலில் கை வைத்தது, உடம்பு மொத்தமும் வாலாகி ஆடுகிறது, நக்குகிறது, குதிக்கிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், போகவில்லை... ஒரு சொட்டுகூடப் போகவில்லை! வந்த சந்தோஷத்தில் டாக்டரம்மா சொன்னதெல்லாம் மறந்துபோய், "தாட்சாயணி, இங்க வந்து பாரு, நின்னுடுச்சி!" என்று கூவிவிட்டேன், என் குரல் எனக்கே பெரிதாகத்தான் கேட்டது.

சிரிப்பு நின்றது. டீவியும் நின்றது. வாசற்படிக்கு வந்த தாட்சாயணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், காவ்யா ரிமோட்டைக் கையில் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள், இரண்டு பேர் முகத்திலும் ஒரு வினாடி முன்பு இருந்தது எங்கே போனது என்று தெரியவில்லை, துடைத்துவிட்ட மாதிரி. "வண்டி சத்தம் கேக்கவே இல்லியே சாமி" என்றாள் தாட்சாயணி. கேட்டிருந்தால்? தினமும் வண்டி தெரு திரும்பும்போதே இப்படித்தான் சிரிப்பை நிறுத்தி, டீவியைக் குறைத்து, நான் இறங்கி வருவதற்குள்... ஜில்லு என் முழங்காலில் இருந்து கையை எடுத்தது. திரும்பி தாட்சாயணியைப் பார்த்தது, காவ்யாவைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது, காது தட்டையானது, வயிறு தரையோடு ஒட்டியது, என் பாதத்தில் வெதுவெதுவென்று இறங்கியது. நான் நகரவில்லை. என்னை அதற்குத் தெரியாது, தெரியவே தெரியாது, ஆனால் இவர்களைத் தெரியும், இவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அது என்னைப் படித்திருக்கிறது. முப்பத்தாறு நாள் சாமி சாமி என்று தண்ணி எடுத்துக் கொடுத்தார்களே, காலில் விழுந்து கும்பிட்டார்களே, அத்தனை நாளும் இந்த வீட்டில் பயம் இருந்துகொண்டேதான் இருந்ததா, எனக்குத் தெரியாமல், என் எதிரிலேயே?

தாட்சாயணி ஓடிப்போய்த் துணி கொண்டுவந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "தெரியாம செஞ்சிடுச்சி சாமி, கோவப்படாதீங்க சாமி, நாளைக்கே குடிபாலாக்கு அனுப்சிடலாம்." பாதத்தைத் துடைக்கிற அவள் கை அவசர அவசரமாக ஓடியது. நான் கோபப்படவில்லை என்று சொன்னேன். தெரியும் சாமி என்றாள், செக்போஸ்ட் போலீஸ்காரனிடம் நான் சரிங்க சார் என்று சொல்வேனே, அந்தக் குரலில். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வருகிற மாதிரி இருந்தது, துணியை அவள் கையிலிருந்து வாங்கக் கை நீட்டினேன், அவள் சட்டென்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்... துணியைத்தானே கேட்டேன். இந்தப் பெண்ணாவது சொல்லட்டும், இவள் பொய் சொல்ல மாட்டாள், இவள் மேல் நான் சுண்டு விரல்கூட வைத்ததில்லை, அது சத்தியம். முடிந்தவரைக்கும் தணிவாகக் கேட்டேன்.

"காவ்யா, நைனா எப்பனா உன்ன அடிச்சிக்கீறனா?"

அவள் முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான், "இல்ல நைனா" என்றாள்.