எட்டாவது எழுத்து

யட்டியாந்தோட்டைக் கடைவீதிக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், வயர் இல்லாத இன்டர்நெட் முதன்முதலில் வந்தது யோகராஜ் வீட்டுக்குத்தான். வந்ததை ஒழுங்கையில் ஒருவரையும் அவன் மறக்க விடவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் பச்சை விளக்குகள் மினுங்கும் ரௌட்டரை, வருகிற விருந்தாளிகள் எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிக்க வேண்டும். "இதுக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டிருக்கேன் பாருங்க, உலகத்துல எவனாலயும் உடைக்க முடியாது" என்று பக்கத்து வீட்டு மஷூர் நானாவிடம் மட்டும் குறைந்தது பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

அந்த எவனில் தானும் அடக்கம் என்பது, 2009 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் யோகராஜுக்குத் தெரியவந்தது.

மஷூர் நானா ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். அவருடைய மனைவி நபீலா குளியலறையில் வழுக்கி விழுந்து, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் கட்டிலோடு கிடந்தாள். அவளுடைய தங்கை பஸீஹா கத்தாரில். உம்மா மௌத்தான பிறகு நபீலாதான் அவளைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகிப் பல வருடங்கள் காத்திருந்து, போன வாரம் பஸீஹாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அன்று மாலை பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள். அக்கா முகத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்வேன் என்று பஸீஹா பிடிவாதமாக இருந்தாள். அதற்காகவே ஊருக்கு வந்த ஒருவரிடம் கமெரா வைத்த லெப்டொப் ஒன்றையும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

லெப்டொப் வந்தது. இன்டர்நெட் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தது.

"மாஸ்டர், ஒங்கட பாஸ்வேர்ட்ட மட்டும் ஒருக்கா தந்தா போதும்" என்றார் மஷூர் நானா, மதில் மேல் கையை வைத்துக்கொண்டு. "நாலு மணிக்குத்தான் பேர் வைக்கிற. இவ விடியக்காலத்துலருந்து உடுத்திக்கிட்டு ஈக்கிறா."

"அதுக்கென்ன நானா, நானே வந்து போட்டுத் தர்றேன். பாஸ்வேர்ட வாயால சொல்லக் கூடாது பாருங்க."

மஷூர் நானா ஏதோ பேங்க் லொக்கர் விஷயம் போலப் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். யோகராஜ் வீட்டுக்குள் வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான், சொல்லக் கூடாத அந்தப் பாஸ்வேர்ட் என்ன என்று யோசித்தான்.

ஒன்றும் வரவில்லை.

ஜனவரியில் ரௌட்டர் பூட்ட வந்த பையனிடம், "நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லி, உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு அடித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அடித்தது என்ன என்பதுதான் இல்லை. அன்றையிலிருந்து கொம்பியூட்டர் தன்பாட்டில் இணைந்துகொண்டது. மறுபடி அது கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. மேல்மலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவன் அவன். ஆங்கில ஆசிரியர் வராத நாளில் ஆங்கிலமும் அவன்தான். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தூக்கத்திலும் சொல்லக்கூடிய மூளை, சொந்த வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு நின்றது.

எழுதி வைக்கவில்லையா? பாஸ்வேர்டை எழுதி வைப்பவன் முட்டாள் என்று பத்தாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்கப் பேசியவன் எப்படி எழுதி வைப்பான்?

மஷூர் வீட்டு லெப்டொப்பை வாங்கிவந்து மேசையில் வைத்து, தோன்றியதையெல்லாம் அடிக்கத் தொடங்கினான். மகள் பெயர். அப்பா முத்துவீரன் பெயர். தோட்டத்தின் பெயர். கல்யாணத் தேதி.

"அது பதினாலு இல்ல, பதினஞ்சு" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

தர்மிளா. அவனுடைய மனைவி. திங்கட்கிழமைக்கான பள்ளிக்கூட நேரசூசியோடு நின்றுகொண்டிருந்தாள். பதினைந்தும் வேலை செய்யவில்லை. ஆனால் பதினான்கு என்று அடித்தது வேறு ஒரு கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

"என் பேர போட்டுப் பாத்தீங்களா?"

"மொதல்ல அதத்தானே போட்டேன்!" என்றான். போட்டிருக்கவில்லை. அவள் திரும்பிய நேரம் பார்த்துப் போட்டான். அதுவும் இல்லை.

தர்மிளா மனைவி மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தில் அவள்தான் அதிபர். கதையின் நோகிற இடமே அதுதான்.

முந்தின வருடம் அதிபர் பரீட்சைக்கு விண்ணப்பம் கேட்டபோது, யோகராஜ்தான் இரண்டு விண்ணப்பம் போட்டான். ஒன்று தனக்கு. மற்றது, கொழும்புக்குத் தனியாகப் போய் வர அலுப்பாக இருக்கும் என்று துணைக்கு. பரீட்சை எழுதிவிட்டு வரும்போது பஸ்ஸில், எந்தக் கேள்விக்கு என்ன விடை என்று அவள் அந்தப் பரீட்சையே எழுதாதவள்போல அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தான். அவளும் தலையாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். சித்திரை கழிந்து முடிவு வந்தது. துணைக்குப் போனவள் பாஸ். விளக்கம் சொன்னவன் இல்லை. வைகாசியில் தர்மிளா பொறுப்பேற்றாள். அதிபர் அறைக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போனவனும், வாசலில் வாழை கட்டியவனும், வாழ்த்துரையில் எல்லோரையும் விட நீளமாகப் பேசியவனும் யோகராஜ். அன்றிலிருந்து வீட்டில் 'தர்மி', பள்ளிக்கூடத்தில் 'மேடம்'. லீவு வேண்டுமென்றால் காலையில் தேநீர் குடிக்கும்போது கேட்க முடியாது. பள்ளிக்கூடம் போய்க் கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டதும் அவனேதான், பெருந்தன்மையைக் காட்ட.

இதெல்லாம் நினைவுக்கு வந்ததும் ஒரு சந்தேகம் எழும்பியது. பாஸ்வேர்ட் போட்டது ஜனவரி. ஜனவரியில் அவன் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தான்?

தர்மிளா தேநீர் போடப் போனதும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் அடித்தான்: பிரின்சிபல், யோகராஜ், 2009. மூன்றையும் இடைவெளி விடாமல். அவ்வளவு வெட்கங்கெட்டவனா நான் என்று மனது அடித்துக்கொண்டது.

இணையவில்லை.

கடவுளே, நன்றி. அவ்வளவு மோசமானவன் இல்லை. யோகராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்ததால் பாஸ்வேர்ட் வந்துவிடவில்லை. டெலிபோன் கம்பெனிக்கு அடித்து, சுத்தமான சிங்களத்தில், தன் நண்பர் ஒருவருக்கு இப்படி ஒரு சிக்கல் என்று தொடங்கினான். மறுமுனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மஹத்தயாட்ட அமதக உணாத?" என்றாள். ஐயாவுக்கு மறந்துபோச்சா என்று. ஐயாவுக்கு இல்லை, நண்பருக்கு என்றான். நண்பரின் ரௌட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஊசியால் குத்தினால் எல்லாம் அழிந்துவிடும், செவ்வாய்க்கிழமை ஆள் வந்து புதிதாகப் பூட்டித் தருவார் என்றாள். செவ்வாய்க்கிழமை! இங்கே நபீலா உடுத்திக்கொண்டு இருக்கிறாள். வயர் இழுத்துவிடலாம் என்றால், ஆணியிலிருந்து அலவாங்கு வரை விற்கும் மஷூர் நானாவிடம் அந்த ஒரு வயர் மட்டும் இல்லை.

மூன்று மணியளவில் கஹவத்தையிலிருந்து வந்த வேன் ஒன்று மஷூர் வீட்டு வாசலில் நின்றது. நபீலாவின் சொந்தக்காரப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். யோகராஜ் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"உண்மைய சொல்லிருங்க" என்றாள் தர்மிளா, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "மறந்துட்டேன்னு சொன்னா என்னா? நானா என்ன, கழுத்தையா வெட்டப் போறாரு?"

"சொல்லலாம். ஆனா பத்து மாசமா நான் பேசுன பேச்சு இருக்கே, அத எங்க கொண்டு போயி வைக்கிறது?"

பத்து மாசம் இல்லை, எட்டரை மாசம் என்று அவள் திருத்தவில்லை. அதுவே பெரிய கருணையாக இருந்தது.

வேலை செய்வதுபோல் தோற்றமாவது இருக்கட்டும் என்று, வீட்டுக் கொம்பியூட்டரில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். இணைப்பின் பெயரில் வலது பக்கம் தட்டினான். ஏதோ ஒரு பட்டியல் விரிந்தது. கடைசி வரியைத் தட்டினான். இன்னொரு பெட்டி. அதில் பாதுகாப்பு என்று ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன.

புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது பாஸ்வேர்ட். அவன் மறந்ததை இந்தப் பெட்டி அவ்வளவு நாளும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கீழே ஒரு சின்னச் சதுரம். பக்கத்தில் 'ஷோ கெரக்டர்ஸ்' என்று எழுதியிருந்தது. கெரக்டர் என்றால் எழுத்து. கெரக்டர் என்றால் ஆளுடைய குணமும்தான். சதுரத்தில் தட்டினான். இரண்டும் தெரிந்தன.

பிரின்சிபல், யோகராஜ், 2009.

தர்மிளா பக்கத்திலேயே இருந்தாள். மறைக்க உடம்பு எழும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியானால் காலையில் அடித்தபோது ஏன் இணையவில்லை? மறுபடி எழுத்தெழுத்தாகப் பார்த்தான். எட்டாவது எழுத்தில் போய் நின்றான். அதிபரைக் குறிக்கும் சொல்லில் அந்த இடத்தில் 'ஏ' வர வேண்டும், பிறகு 'எல்'. இங்கே 'எல்' நின்றது, பிறகு 'ஈ'. கொள்கை என்று பொருள்படும் மற்றச் சொல். தான் ஆகப்போகிற பதவிக்குரிய சொல்லை ஜனவரியில் அவன் தப்பாக எழுதியிருக்கிறான். காலையில் சரியாக அடித்ததற்குக் காரணம், வைகாசியிலிருந்து தினமும் மனைவியின் கையெழுத்துக்குக் கீழே அந்த றப்பர் முத்திரையைப் பார்த்து வந்ததுதான்.

பரீட்சைக்காரர்கள் எவ்வளவு புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டான்.

எழுத்துப் பிழை தர்மிளாவின் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. அவள் பார்த்தது வேறு எதையோ. "நேரமாச்சி, வாங்க" என்று லெப்டொப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மஷூர் வீட்டு நடு அறையில் ஆண்கள், படுக்கை அறையில் நபீலாவும் பெண்களும், இரண்டுக்கும் நடுவில் பூப்போட்ட திரைச்சீலை. யோகராஜ் நடு அறையோடு நின்றுவிட வேண்டியதாயிற்று. தர்மிளா சீலையை விலக்கி உள்ளே போனாள். தன் கையாலேயே ரகசியமாக அடித்துவிடலாம் என்று போட்ட திட்டம் அந்தச் சீலையோடு போயிற்று.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தர்மிளாவின் குரல்: "வரலீங்களே!"

"இன்னொருக்கா போடு."

"போட்டுட்டேன். வரல."

"மணி நாலாகப் போகுதே மாஸ்டர்" என்றார் மஷூர் நானா. அறையில் இருந்த எல்லோரும் யோகராஜைப் பார்த்தார்கள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "தர்மி, 'பீ'க்குப் பொறகு 'ஏ' போடாத."

"அப்புறம்?"

"எல். அதுக்குப் பொறகு ஈ."

"அது தப்பாச்சே!" பழக்கதோஷம், அதிபரின் குரலிலேயே வந்தது. "பிரின்சிபலுக்கு ஏ, எல்லுல்ல வரும்?"

"எனக்குத் தெரியும்! தப்பாவே போடு! அப்பிடித்தான் இருக்கு!"

மஷூர் நானா ஒரு கணம் யோசித்தார். "மாஸ்டர், பாஸ்வேர்டுல பிரின்சிபல்னா ஈக்கி? டீச்சர்ட பேரா?"

"இல்ல நானா" என்றான் யோகராஜ். இனி ஒளிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. "என் பேருதான். ஆகிருவேன்னு நெனச்சிப் போட்டது. அதுலயும் ஸ்பெல்லிங் பிழை. போதாததுக்கு மறந்தும் போச்சி. காலையிலருந்து தேடுறேன்."

சீலைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடக்க முடியாமல் வெடித்தது நபீலாவின் சிரிப்பு. "அல்லாவே, கால் நோகுது, சிரிக்க வைக்காதீங்க" என்று கத்தினாள். மஷூர் நானாவும் சிரித்தார். யோகராஜுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டரை மாதமாகத் தூக்கிச் சுமந்த பாரத்தை அந்த நடு அறையில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"வந்திருச்சி!" என்றாள் தர்மிளா.

பிறகு நடந்ததையெல்லாம் யோகராஜ் காதால்தான் கேட்டான். முதலில் கரகரப்பு, பிறகு பஸீஹாவின் "தாத்தா!" என்ற குரல். அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நபீலா, தன் சத்தம் கடல் தாண்டித் தானாகவே போய்ச் சேர வேண்டும் என்பதுபோலப் பதிலுக்குக் கத்தினாள். குழந்தையின் அழுகை. அந்தப் பக்கத்தில் ஓர் ஆண் குரல் ஓதியது. பஸீஹா பெயரைச் சொன்னாள்: ஸுபைதா. மௌத்தாகிப்போன உம்மாவின் பெயர். சீலைக்குப் பின்னால் இருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றது. மஷூர் நானா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கொஞ்சம் கழித்து நபீலா, "நல்ல பேர் புள்ள, நல்ல பேர்" என்று சொல்வது கேட்டது.

வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். மழை பிடிக்கப் பார்த்தது. தர்மிளா மதில் ஓரமாக நின்றாள்.

"ரொம்ப கவலையா இருந்திச்சா?"

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. "ரெண்டு நாளு" என்றான். பிறகு, "ரெண்டு மாசம்னு வச்சிக்கயேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட சொல்றது? பிரின்சிபல்கிட்டயா? கதவத் தட்டிட்டில்ல வரணும்."

தர்மிளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அடுத்த வருசம் திரும்ப எழுதுங்க. இந்தத் தடவ பஸ்ஸுல நான் விளக்கம் சொல்லிக்கிட்டு வாறேன்" என்றாள்.

"எழுதறேன். மொதல்ல அந்தப் பாஸ்வேர்ட மாத்தணும்."

"மாத்துனா நபீலா வீட்டுக்கு மறுபடி சொல்லணும்ல?"

அது உண்மைதான். யோகராஜ் யோசித்துப் பார்த்தான். திரைச்சீலை, நடு அறை, வட்டிலப்பம். "வேணாம், இருந்துட்டுப் போகட்டும்" என்றான். முதல் துளி விழுந்தது. கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்க இருவரும் ஓடினார்கள்.