பன்னிரண்டாவது வின்கார்த்

வின்கார்த் வீட்டுச் சாவுக்குப் போகிறவர்கள் கனமான கோட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போவார்கள். ஸ்கார்விக் ஊரில் இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெட்டியைக் குழிக்கு மேல் பலகையில் வைத்த பிறகு அவர்கள் உடனே இறக்க மாட்டார்கள். பேச்சுமூச்சில்லாமல் நிற்பார்கள். கடல்காற்று காதை அறுக்கும், பாதிரியார் கால் மாற்றி நிற்பார், வந்தவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். குடும்பத்தில் மூத்தவர் தலையை அசைத்த பிறகுதான் பெட்டி உள்ளே போகும். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால், "எங்க வழக்கம்" என்று ஒரே பதில். மதுக்கடையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "வின்கார்த் வீட்டுல செத்தவன்கூட கிளம்புறதுக்கு முன்னாடி யோசிப்பான்."

அந்தப் பெயரில் இப்போது மிச்சம் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி ஹெஸ்டர். யார்க்ஷயர் கரையில் சொந்தப் படகு வைத்து நண்டு பிடிக்கிறவள், முப்பத்தெட்டு வயது, வயிற்றில் ஆறு மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிற்று. இன்னொருத்தி அவளுடைய அப்பாவின் அக்கா டோர்கஸ். கல்யாணம் செய்துகொள்ளாமல், வாயை வைத்தே ஊரை ஓட்டிக்கொண்டிருக்கிறவள்.

ஹெஸ்டரின் அப்பா சைலஸ் கடலில் போனவர். படகு கவிழ்ந்து கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவருடைய சித்தப்பாவும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான். அது மட்டுமா? அந்தக் கரையோரம் வெளியூர்களில் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் வின்கார்த் என்று ஒரு கல் இருந்தாலும், அதன் கீழே 'கடலில் மாண்டவர்' என்று வெட்டியிருக்கும். நாட்டில் வேறெங்கும் இல்லாத பெயர், இருக்கிற இடத்திலும் உயிரோடு இல்லாத பெயர். கடல் அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறது என்று ஊர் சொல்லும்.

"ஏண்டி, பாஷ்லின்னு வையேன். உன் புருஷன் பேருக்கு என்ன குறை?" என்றாள் டோர்கஸ். நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டே பேசினாள். "அவன் வம்சத்துல எல்லாரும் மெத்தையில படுத்து, சளி பிடிச்சு, நிதானமா செத்திருக்காங்க."

"அப்பா பேரு என்னோட முடிஞ்சு போகணுமா அத்தை?"

"முடியட்டும். பிள்ள இருக்கணுமா, பேரு இருக்கணுமா?"

ஹெஸ்டர் உடைந்த ஓடுகளை ஒதுக்கி வைத்தாள். இரண்டும் வேண்டும் என்று சொன்னால் பேராசையாகத் தெரியும். ஆனால் இரண்டும்தான் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஒரு கல்லறைகூட இல்லை. இந்தப் பெயர் ஒன்றுதான் அவர் விட்டுப்போனது.

அவள் புருஷன் ரஸ்ஸல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் எதையாவது தோண்டிக்கொண்டே இருப்பான். பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் இவ்வளவு இழுபறி என்றதும், அந்தப் பெயர் எங்கே பிறந்து எங்கே பரவியது என்று தேடுவதில் இறங்கிவிட்டான். பெயரின் ஊர் கிடைத்தது. வின்கார்த் என்பது ஸ்கார்விக்குக்கு வடக்கே இருந்த ஒரு பண்ணை. மண்மேடு இடிந்து இடிந்து அந்தப் பண்ணை கடலுக்குள் போய் வெகுகாலம் ஆகிறது. அங்கிருந்து தெற்கே ஸ்பர்ன் முனை வரை, எந்தெந்தக் கல்லறைத் தோட்டத்தில் இந்தப் பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் கல்லுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, பெரிய வரைபடமாகக் கொண்டுவந்து சமையலறைச் சுவரில் ஒட்டினான்.

"பாரு, உன் ஆளுங்க பண்ணையை விட்டுக் கிளம்பி, கடலோரமாவே ஒவ்வொரு ஊரா தெற்கே குடி போயிருக்காங்க," என்றான்.

ஹெஸ்டர் டீக் கோப்பையோடு வந்து நின்று பார்த்தாள். எங்கேயோ இடறியது. துறைமுகம் இருந்த ஊரில் புள்ளி இல்லை. சந்தை இருந்த ஊரில் இல்லை. ஒரு வீடுகூட இல்லாத வெறும் மணல்மேட்டை ஒட்டிய சின்ன சர்ச்சில் இரண்டு புள்ளி. மேட்டின் வடக்குப் பக்கம் ஒன்றுமில்லை, தெற்கு மடியில் மூன்று. அந்த இடங்கள் அவளுக்கு மனப்பாடம். புயலில் கயிறு அறுந்துபோன நண்டுக் கூண்டுகளைத் தேடி அவள் வண்டி எடுத்துக்கொண்டு போகிற இடங்கள் அவை. போன ஜூலையில்கூட, கூண்டு தேடிப் போனபோதுதான் அதில் ஒரு மணலில் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். யாரென்றே தெரியாத ஓர் ஆண்பிணம் ஒதுங்கியிருந்தது. இன்னும் யாரும் கேட்டு வரவில்லை, நகரத்து ஆஸ்பத்திரியில் குளிரில் கிடக்கிறது.

"ரஸ்ஸல், இது மனுஷங்க குடி போற வழி இல்ல," என்றாள்.

"பின்னே?"

"பொணம் மிதந்து போற வழி."

கோப்பையை வைத்துவிட்டு, வடக்கிலிருந்து தெற்கே ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த ஞாயிறு இரண்டு பேரும் வண்டியில் போய் அந்தக் கற்களைப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி, முழங்கால் உயரம், பாசி பிடித்தவை. பிறந்த வருடம் இல்லை. இன்னாருடைய கணவர், இன்னாருடைய மகன் என்று எதுவும் இல்லை. 'கடலில் மாண்டவர்' என்பதும் செத்த வருடமும் மட்டும் இருந்தன. நூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய ஒரே குளிர்காலம். பீட்டர் வின்கார்த். ஆண்ட்ரூ வின்கார்த். ஜேம்ஸ் மட்டும் இரண்டு பேர். ஃபிலிப், பார்த்தலமியூ, தாமஸ், தடேயஸ்.

"எல்லாம் பைபிள் பேரா இருக்கே," என்றான் ரஸ்ஸல்.

ஹெஸ்டர் விரல் விட்டு எண்ணினாள். கடைசிக் கல்லில் பதினொன்று வந்தது. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவன் இல்லை. யூதாஸ். காட்டிக்கொடுத்தவன் பெயரைச் செத்தவனுக்கு வைக்க எந்தப் பாதிரியாருக்கும் மனசு வராது. யூதாஸ் போன பிறகு அவன் இடத்துக்குச் சீட்டுப் போட்டு ஒருவனை எடுத்தார்கள். அவன் பெயர் மத்தியாஸ்.

அவள் குடும்பத்தின் முதல் ஆள் பெயரும் மத்தியாஸ்தான். அதற்கு முன்னால் யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். வின்கார்த் பண்ணைக்கு எதிரே ஒரு கப்பல் உடைந்திருக்கிறது. பிணங்கள் நீரோட்டத்தோடு தெற்கே போய் அங்கங்கே ஒதுங்கியிருக்கின்றன. யாருக்கும் பெயர் தெரியவில்லை. ஒரே கப்பலில் சாப்பிட்டவர்கள் என்பதால் ஆளுக்கொரு சீடர் பெயரும், எல்லோருக்கும் ஒரே வீட்டுப் பெயராக அந்தப் பண்ணையின் பெயரும் கொடுத்துப் புதைத்திருக்கிறார்கள். அதுதான் இந்தக் கரை முழுக்க மூழ்கிய வின்கார்த்துகள்.

திரும்பி வரும்போது ஹெஸ்டர் சிரித்துவிட்டாள். பல வருடமாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. "வின்கார்த்துன்னா மூழ்குவான்னு நெனச்சோம். மூழ்கினவனையெல்லாம் வின்கார்த்துன்னு கூப்பிட்டிருக்காங்க. அவ்வளவுதான்யா," என்றாள். அந்தச் சிரிப்பு அத்தை வீட்டு வாசல்வரைதான் தாங்கியது.

டோர்கஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை.

"நம்ம சர்ச்ல வடக்குச் சுவர் ஓரமா ஒரு கல்லு இருக்கே, மத்தியாஸ்னு. அது யாருதுன்னு உனக்கு என்ன சொல்லியிருக்கேன்?"

"அந்த முதல் தாத்தாவோட பேர்ல ஒரு பிள்ள சின்ன வயசுல செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. மத்தியாஸ் தாத்தாதான் வாசல் பக்கம் பாட்டியோட படுத்திருக்காரே."

"பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் குழி காலி." டோர்கஸ் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பன்னெண்டாவது ஆளு. குழி வெட்டியாச்சு, கல்லும் செதுக்கியாச்சு. பலகையில வச்சு இறக்கப் போற நேரத்துல இருமினாராம்."

ரஸ்ஸல் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"அதுக்குத்தான் நாம நிக்கிறோம்," என்றாள் டோர்கஸ். "ஒவ்வொரு சாவுலயும் காது குடுத்து நிக்கிறோம்."

"அவரோட சொந்தப் பேரு என்ன அத்தை?"

"சாகிறவரைக்கும் சொல்லல. கேட்டா கல்லைக் காட்டுவாராம். கல்லை எடுத்துடலாம்னு பாதிரியார் சொன்னப்ப, இருக்கட்டும், அது என்னுது, நான் வந்துருவேன்னாராம். வரல. பெண்டாட்டி பக்கத்துல சுகமா படுத்துட்டாரு. வர்றேன்னு சொன்ன ஆளு வரலைன்னா கடல் சும்மா விடுமா? அவர் மவன், பேரன், உங்கப்பன்னு ஒவ்வொருத்தனா தேடி எடுத்துக்கிட்டே இருக்கு. எடுத்ததையும் திருப்பிக் குடுக்கல, அந்தக் குழியும் ரொம்பல. இப்ப சொல்லு, உன் வயித்துல இருக்கறதுக்கு அந்தப் பேரை வைக்கப்போறியா?"

ஹெஸ்டர் எழுந்து வீட்டுக்கு வந்தாள். அன்று பொழுது சாய்கிறவரை அவள் வயிற்றின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அசையவில்லை. ரஸ்ஸல் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து வைத்தான், அது ஆறிப்போனது. நம்பக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் பயம் யாருடைய அனுமதியையும் கேட்டு வருவதில்லையே. பாஷ்லி என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். நல்ல பெயர்தான், நிதானமாகச் சாகிறவர்களின் பெயர்.

மறுநாள் மத்தியானம், வேலை இல்லாமலேயே, அவள் அந்த மணலுக்குப் போனாள். தண்ணீர் இறங்கியிருந்தது. அறுந்த கூண்டு ஒன்று பாதி புதைந்து கிடந்தது. ஜூலையில் அந்த ஆள் கிடந்த இடம் எது என்று இப்போது தெரியவில்லை. அவனுக்காகவும் எங்கேயோ ஒருத்தி கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதுதான் அப்பாவை நினைத்தாள். நீரோட்டம் அவரையும் எங்கேயோ கொண்டுபோய் விட்டிருக்கும். அக்கரையில், டென்மார்க்கிலோ ஹாலந்திலோ, யாரோ அவரைத் தூக்கி, ஒரு பெயர் வைத்து, குழிக்குள் இறக்கியிருப்பார்கள். அப்படி ஒருத்தர் செய்திருக்க வேண்டும் என்று அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள். அங்கேயே, ஈர மணலில் உட்கார்ந்து, இத்தனை வருடத்தில் முதல்தடவையாக அப்பாவுக்காகச் சத்தம் போட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "ஆஸ்பத்திரியில கிடக்கிற அந்த ஆளை நம்ம காலிக் குழியில வைக்கணும்."

"யாருன்னே தெரியாதவனுக்கு உன் குடும்பப் பேரா?" என்றான் ரஸ்ஸல்.

"யாருன்னு தெரியாதவங்களுக்காகத்தானே அந்தப் பேரே வந்துச்சு."

ரஸ்ஸல் அதற்குமேல் வாதாடவில்லை. அவன்தான் போலீசுக்கும் நகராட்சிக்கும் நடையாய் நடந்தான். கேட்க வேறு ஆள் இல்லாததால் கடைசியில் கொடுத்தார்கள். ஊர்ப் பாதிரியார் மெரியல் என்கிற பெண்மணி, ஊருக்குப் புதியவள். கல்லில் என்ன சேர்த்து வெட்ட வேண்டும் என்று கேட்டாள். "ஒண்ணும் வேண்டாம். அவர் பேரு ஏற்கெனவே இருக்கு," என்றாள் ஹெஸ்டர்.

குழி தோண்டியவன் வந்து, மண் நேற்று மூடினது மாதிரி பொலபொலவென்று இருந்தது என்றான். சர்ச் இருப்பது மேட்டில். ஆனாலும் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறியிருந்தது. அதை அள்ளிக் கொட்டிய இடத்தில், கடல் உப்புப் பட்டதுபோல் புல் கருகிப்போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

டோர்கஸ் வரமாட்டாள் என்று நினைத்தார்கள். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றாள். பெட்டியைப் பலகையில் வைத்தார்கள். மெரியல் ஜெபம் வாசித்து முடித்துவிட்டு, இறக்கலாமா என்பதுபோல் பார்த்தாள்.

"பொறுங்க," என்றாள் டோர்கஸ்.

நின்றார்கள். முகம் தெரியாத ஒருவனுக்காக, ரத்த சொந்தத்துக்கு நிற்பதுபோல் காது கொடுத்து நின்றார்கள். கீழே அலை வந்து மண்மேட்டில் மோதியது. கயிறு பிடித்தவர்களுக்கு விரல் விறைத்தது. மதுக்கடையில் சிரிக்கிற ஆட்களும் இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்களும் அசையவில்லை. பெட்டிக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் இல்லை. டோர்கஸ் வெகுநேரம் கழித்துத் தலையை அசைத்தாள். பெட்டி இறங்கியது. முதல் பிடி மண்ணை ஹெஸ்டர்தான் போட்டாள். குனிந்து நிமிரும்போது வயிற்றில் பிள்ளை ஓங்கி உதைத்தது.

பிப்ரவரியில் வலி எடுத்தது. பகல் முழுக்கப் பாடுபட்டு, ஒருவழியாகப் பிள்ளை வெளியே வந்தது. பெண். நீலமாக இருந்தது, அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் தேய்த்தாள், சளியை உறிஞ்சினாள், மறுபடி தேய்த்தாள். ரஸ்ஸல் சுவரைப் பிடித்துக்கொண்டான். அறையில் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை ஹெஸ்டர் அறிவாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு சாவிலும் அதில் நின்றிருக்கிறாள். கத்தாமல், கெஞ்சாமல், கண்ணை மூடிக் காது கொடுத்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் டோர்கஸ் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு ரஸ்ஸல் வந்தான். கண்ணீர் தாடைவரை ஓடியிருந்தது.

"பொண்ணு," என்றான்.

டோர்கஸ் எழுந்து நின்றாள். "அழுதுச்சா?"

"இல்ல அத்தை. இருமுச்சு."

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் தொப்பியைக் கழற்றினாள்.

"அப்ப வின்கார்த்துன்னே வைங்க," என்றாள்.