பதினான்காம் அறை: நலம்

“யாராவது குடிச்ச டம்ளர்ல குடிச்சியா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“இல்ல மேடம். அக்கா குடுத்த டீ மட்டும்தான். அக்காவுக்குத்தான் ஒண்ணும் இல்லையே.”

“அப்ப அதை விடு,” என்றார் நர்ஸ்.

அந்த அக்கா நான்தான். கதவோரம் நின்று, அட்டையில் செருகிய தாளில் பதில்களை எழுதிக்கொண்டிருந்தேன். விடச் சொன்னதும் விட்டுவிட்டேன்.

மாணவியர் விடுதியில் துணி தேய்க்கும் அறையை நோயாளிக்கான தனி அறையாக மாற்றியிருந்தார்கள். இஸ்திரி மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு கட்டில். அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். முதலாம் ஆண்டு மாணவி. இரண்டு கன்னமும் வீங்கி, முகம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பொன்னுக்குவீங்கி. எங்கள் மாடியில் அவளைத் தவிர இன்னும் பதினொரு பேருக்கு வந்துவிட்டது. முதலில் முகம் வீங்கியவள் அவள் என்பதால் பழி அவள்மேல் விழுந்தது. ‘பொன்னு’ என்று பெயரும் வைத்தாயிற்று. பொன்னு திறந்த குழாயைக் காலால் மூட முடியுமா என்றுகூட ஒருத்தி முயன்று பார்த்து வழுக்கி விழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வார்டன் அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்து, உங்கள் பெண்தான் நோயைக் கொண்டுவந்து மாடி முழுக்கப் பரப்பினாள் என்று சொல்லிவிட்டார். படித்தது போதும், சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறேன், இனி அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

நான் மாடிப் பொறுப்பாளர். தினமும் ஐந்து மணிக்கு ஒவ்வொரு கதவாகத் தட்டி, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. பதினான்காம் அறைக் கதவை மட்டும் தட்ட வேண்டியதில்லை. அது என் அறை. யாரும் கேட்காமலே அதற்கு நேரே ‘நலம்’ என்று எழுதிவிடுவேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் ஆப்பிளைக் கடித்ததும் இடது காதுக்குக் கீழே சுரீர் என்றது. ஞானப்பல் என்று நினைத்தேன். இப்போதாவது ஞானம் வருகிறதே என்று எதிர் அறைக்காரி கேலி செய்தாள். அன்று உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். மறுநாள் காய்ச்சல் வந்தபோது நம்பவில்லை. அதற்கடுத்த நாள் கண்ணாடியில் என் முகம் ஒரு பக்கம் மட்டும் வேறு யாருடையதோபோல இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை எனக்கு வைவா. வெளியூரிலிருந்து பேராசிரியர் வருகிறார், தவறவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டேன். ஸ்கார்ஃபைக் காதுவரை சுற்றிக்கொண்டேன். குளிர் என்றேன்.

அந்த வாரம்தான் அவள் புத்தகம் கேட்டு என் அறைக்கு வந்தாள். டீ போட்டு இரண்டு வாய் குடித்திருந்தேன். அதற்குமேல் விழுங்க முடியவில்லை. வீணாகப் போகிறது, நீ குடி என்று டம்ளரை நீட்டினேன். சீனியர் கையால் டீ. இரண்டு கையாலும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்து, கட்டம் போட்ட தாளொன்றைக் காட்டினார். யாருக்கு என்றைக்கு வீங்கியது என்று புள்ளி வைத்திருந்தார். பன்னிரண்டு புள்ளிகளும் ஒரே வாரத்தில் நெருக்கியடித்து நின்றன. உடம்புக்குள் போன நோய் வெளியே தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்றார்.

“அந்தப் பொண்ணு இவங்களுக்குக் குடுத்திருக்கவே முடியாது. முன்னாடி யாரோ ஒருத்திக்கு வந்திருக்கு, வெளிய சொல்லல. அது யாருன்னு காட்டாம வார்டன் ஒத்துக்க மாட்டாங்க. உன் ரெஜிஸ்டரைக் கொண்டா.”

கொண்டுவந்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் அவருடைய விரல் ஒன்றாம் அறையிலிருந்து கீழே இறங்கியது. பதினான்கில், நான் ஸ்கார்ஃப் சுற்றித் திரிந்த நான்கு நாளும் நலம், நலம், நலம், நலம். மற்ற நாள்களைவிட அந்த நான்கு நாளும் என் எழுத்து அழகாக இருந்தது. அந்த நான்கு நாளும் ஒரு கதவு விடாமல் தட்டி, முகத்துக்கு நேராக நின்று நலம் விசாரித்தவள் நான் ஒருத்திதான். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விரல் நிற்காமல் போனது.

“கையெழுத்து நல்லாருக்கு,” என்றார் நர்ஸ்.

மேடம் என்றேன். என்ன என்பதுபோல் நிமிர்ந்தார். ஒன்றுமில்லை என்றேன். எதற்கும் இன்னொரு முறை எல்லோரையும் விசாரித்துவிட்டுச் சொல் என்று கிளம்பிப் போனார்.

மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு துணி தேய்க்கும் அறைக்குப் போனேன். எனக்கு இனி அந்த நோய் வராது. ஆனாலும் மாஸ்க்கும் கையுறையும் போட்டிருந்தேன், மற்றவர்கள் பார்ப்பார்களே என்று. தட்டை வாசலில் வைத்தேன். கிட்ட வராதீங்க அக்கா என்று அவள்தான் என்னை எச்சரித்தாள். வீங்கிய தாடைக்குள்ளிருந்து வார்த்தைகள் பஞ்சு சுற்றிக்கொண்டு வந்தன.

நர்ஸ் அவளிடமும் சொல்லியிருந்தார், உன்னால் வரவில்லை என்று. அவள் அதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நீ தப்பிக்கப் பார்க்கிறாய் என்றாராம் அம்மா. பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டாராம்.

“நீங்க பேசுனா அம்மா நம்புவாங்கக்கா. உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கேன்.”

மருந்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் போனைத் துடைத்தாள். திருப்பிப் போட்டு இன்னொரு முறை துடைத்தாள். நம்பரை அழுத்தி, எட்டித் தரையில் என் பக்கமாகத் தள்ளிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். நான் குனிந்து எடுத்தேன். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

“உன்னால இல்லன்னா வேற யாராலன்னு அம்மா கண்டிப்பாக் கேப்பாங்க,” என்றாள். “எனக்குத்தான் சொல்லத் தெரியல. அதுக்கு மட்டும் நீங்க ஒரு பதில் சொல்லிடுங்கக்கா.”