எவாரிஸ்தோவின் சொந்தக் கை

எந்தச் சுருட்டையும் பற்றவைத்ததுமே அதைச் சுற்றிய கை யாருடையது என்று சொல்லிவிடுவதாக, எவாரிஸ்தோ ஹவானாவில் தான் சுருட்டு சுற்றும் கூடம் முழுக்கப் பீற்றிக்கொள்வார். பக்கத்து மேசை நெரெய்தா சுற்றினால் மட்டும் புகையே வராமல் அடைக்குமாம்.

அன்று மதியம், யார் சுற்றியது என்று சொல்லாமல் நெரெய்தா ஒன்றை நீட்டினாள். அவர் கண்ணை மூடி இழுத்தார். நாக்கில் தேனும் காப்பியும் ருசித்தன. சாம்பல் விரல் நீளத்துக்கு வளர்ந்தும் உதிரவில்லை; நல்ல சுற்றுக்கு அதுதான் அடையாளம்.

"அட, இது நான் சுத்துனதாச்சே! வேற எவனுக்கு வரும் இந்தப் பக்குவம்?"

"காலையில நான் சுத்துனதுண்ணே. உங்களுக்குன்னே சுத்துனது."

கூடமே இலை வெட்டும் கத்திகளால் மேசையைத் தட்டி ஆரவாரித்தது. எவாரிஸ்தோ சுருட்டைக் கீழே வைக்கவில்லை.

"சரி சரி, நாளைக்கும் என் சுருட்ட நீயே சுத்திக் குடுத்துரு."