வச்சிரன் இறங்கி வந்த பக்கம்

"இது எந்த மலைங்ணா?"

கசங்கிய வாரப் பத்திரிகையை லாசரின் மேசைமேல் விரித்து வைத்து அந்தப் பெண் கேட்டாள். கால் முழுக்கச் செம்மண். நடந்தே வந்திருக்க வேண்டும்.

மறுநாள் எட்டுக் கிரகங்களும் ஒரே ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று சேலமே பயந்து கிடந்த வெள்ளிக்கிழமை அது. கடைவீதியில் பாதிக் கடை பூட்டு. கோயிலுக்குக் கோயில் ஹோமப் புகை. அந்தப் பயத்தில்தான் பத்திரிகைக்கு வாழ்வு வந்திருந்தது. லாசர் வரைந்த 'சாம்பலுக்குப் பின்' படக்கதையில் உலகம் ஏற்கெனவே அழிந்தாயிற்று. மிஞ்சிய மனிதர்களை வானில் பறந்து காப்பாற்றும் வச்சிரன், போன இதழில் அவர்களை ஒரு மலையுச்சியில் கொண்டுபோய் இறக்கியிருந்தான்.

"எந்த மலையும் இல்லம்மா. மனசுல தோணினத வரைஞ்சேன்."

"எங்கூட்டுக்காரரு எங்கூர்க் கரடுதான்னு அடிச்சுச் சொல்றாருங்க. புள்ளையத் தூக்கிட்டு மேல போயிட்டாரு."

அவள் பெயர் குஞ்சம்மாள், ஜலகண்டாபுரத்துக்காரி. புருஷன் சென்றாயன் தறி நெய்கிறவன். ஐந்து வயது மகள் செல்லிக்கு விஷக்காய்ச்சல் கண்டு இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நேற்றுக் காலை குஞ்சம்மாள் கஞ்சி வாங்கித் திரும்பியபோது கட்டில் காலி. ஊருக்கு ஓடினால், தகப்பனும் மகளும் கரட்டின்மேல். அங்கே இருபது முப்பது குடும்பம் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு கோணிச் சாக்கின்மேல் செல்லி, அனலாகக் கொதிக்கிறாள். ஊசியை நடுவில் நிறுத்தினால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஆஸ்பத்திரிய விட்டு ஏன் தூக்கினாரு?"

குஞ்சம்மாள் பத்திரிகையை எடுத்தாள். பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

லாசர் அந்தப் படத்தைப் பார்த்தான். ஒரு மதியம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஆஸ்பத்திரி முகப்பை அப்படியே பார்த்து வரைந்திருந்தான். வளைவு, படிக்கட்டு, ஓரத்து வேப்பமரம். பிறகு அதன்மேல் ஓர் எரிகல்லை விழவைத்தான். எல்லாரும் அறிந்த கட்டடம் இடிந்தால்தான் வாசகனுக்கு வயிறு கலங்கும் என்று ஆசிரியர் மாரியப்பன் சொன்ன யோசனை அது. கலங்கியிருக்கிறது.

"நான் வாரேம்மா. இதெல்லாம் கட்டுக்கதைன்னு அவர்கிட்டச் சொல்றேன்."

"அது எனக்குத் தெரியுமுங்க. அவருக்குத் தெரியோணுமே. நீங்க வந்து சொன்னா, யாரோ டவுன்காரன் பேசறான்னுதான் நெனைப்பாரு. அச்சுல வந்தாத்தான் நம்புவாரு. வச்சிரன் ஒரு புள்ளையத் தூக்கிட்டு எறங்கி ஆஸ்பத்திரிக்கு வார மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க. அந்தியாவறதுக்குள்ள நான் போயாகோணும்."

உள்ளே இருந்த மாரியப்பன் எட்டிப் பார்த்தார். "யோவ் லாசரு, அடுத்த இதழே வருமான்னு தெரியல, நீ தனி இதழ் போடறியா? இருக்கிற ஒரு அச்சுக் கல்லுலயும் எலக்சன் நோட்டீசு ஏறியிருக்கு."

"அழிச்சிருங்க."

"அழிச்சா வேட்பாளர் என்னைய அழிச்சிருவான்." சொல்லிக்கொண்டே மணலையும் தண்ணீரையும் எடுத்துவந்து கல்லைத் தேய்க்க ஆரம்பித்தார்.

கல் அச்சில் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி எழுத வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். அது லாசரின் கைக்குப் பழக்கம். ஆனால் இன்று அவசரம். சாம்பல் நகரத்தில் ஆஸ்பத்திரியை மட்டும் மறுபடி நிமிர்த்தினான். ஜன்னல்களில் வெளிச்சம் வைத்தான். வச்சிரனின் தோளில் ஒரு சிறுமி. அவளுக்கு என்ன முகம் போடுவது என்று கேட்க நினைத்துக் கேட்காமல், தலையை அவன் கழுத்தில் புதைத்து வரைந்தான்.

கல்லில் மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுத்ததும் மூவரும் குனிந்தார்கள்.

"தழும்பு எடம் மாறிப்போச்சுங்களே," என்றாள் குஞ்சம்மாள்.

வச்சிரனுக்கு வலது கன்னத்தில் இருக்க வேண்டிய வெட்டுத் தழும்பு இடது கன்னத்தில் விழுந்திருந்தது. கல்லில் அதை மட்டும் மாற்றிப் போட மறந்திருந்தான் லாசர்.

"ஒலகமே பொரண்டு கெடக்குது, தழும்பு பொரளக்கூடாதா?" என்றார் மாரியப்பன்.

"அவரு கண்டுபுடிப்பாரா?" என்றான் லாசர்.

"ஒவ்வொரு படமா விரல வெச்சுப் பாக்கறவருங்க."

இன்னொரு முறை கல்லைத் தேய்த்து எழுதினால் பஸ் போய்விடும். அதற்கடுத்த பஸ் ஓடுமா என்பது யாருக்கும் தெரியாது. டிரைவர்களும் சொந்த ஊர் போய்க்கொண்டிருந்தார்கள். குஞ்சம்மாள் தாளின் இரு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்துத் தூக்கினாள்.

"கேட்டாருன்னா ஏதாச்சும் சொல்லிக்கறனுங்க."

"என்ன சொல்லுவ?"

"கரடு ஏறிப் போற வரைக்கும் நேரமிருக்குதுங்ணா."

பஸ்ஸில் மூட்டையும் கோழியுமாக ஊர் திரும்பும் கூட்டம். ஈரம் காயாத தாளை மடக்கவும் முடியாமல், மடியில் வைக்கவும் முடியாமல், அவள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஏறினாள். எல்லாக் கண்களும் தாளை நோக்கித் திரும்பின. "புழுதி ஒட்டிக்குமுங்க," என்று அவள் சொன்னது கீழே நின்ற லாசருக்குக் கேட்டது. ஜன்னலோரத்து ஆள் ஒருவர் கித்தான் படுதாவை அவிழ்த்து விட்டார். பிறகு அடுத்தவர். பிறகு எதிர்ப்பக்கம். வெயில் கொளுத்தும் அந்த மதியத்தில், எல்லாப் படுதாக்களும் இறங்கி, உள்ளே யாரையும் காட்டாமல், பஸ் ஜலகண்டாபுரம் பாதையில் திரும்பியது.