கேமரா காலியான மத்தியானம்

“காப்பி பண்ணுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், நீங்க என்னடான்னா—”

“கட் பண்ணா என்ன, குடியா முழுகிடும்? படம் கம்ப்யூட்டருக்கு வந்துரும், கேமராவும் காலியாயிடும். ஒரே வேலையா—”

“நடுவுல கரண்ட் போச்சுன்னா? அங்கயும் இல்லாம, இங்கயும் இல்லாம—”

“வாயக் கழுவுடி.”

தையல்காரி வாயைக் கழுவவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புருஷனின் தோளுக்கு மேலாகத் திரையை முறைத்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு எதையும் இரண்டு தடவை செய்தால் உடம்புக்கு ஆகாது. கேமராவிலிருந்து வந்த வயர் மேசை விளிம்பில் தொங்க, திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

கேமரா இவர்கள் இரண்டு பேருடையதும் இல்லை. அவன் அக்காவுடையது. தம்பி கல்யாணத்துக்கென்று வாங்கி மாட்டியவள், அன்றிலிருந்து அதைக் கழுத்தைவிட்டு இறக்கவில்லை. தெருவில் அவளுக்குப் பேரே ‘ஃபிளாஷ்’. எடுத்ததில் ஒரு படத்தைக்கூட அவள் வேறு இடத்துக்கு மாற்றியதில்லை. எந்தப் படத்திலும் அவளைப் பார்க்க முடியாது. எல்லாமே அவள் கண்ணால் பார்த்தவை. அன்று காலையில் இடமில்லை என்று கேமரா அடம் பிடிக்க, தம்பி கையில் கொடுத்துவிட்டு அடுப்படியில் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள். ஆள்தான் அங்கே, வாய் இங்கே.

“டேய் தம்பி, ஏரியில எடுத்ததப் பத்திரமா போடுடா! வாத்துப் படகப் பாத்து உன் பொண்டாட்டி ஒரு மூஞ்சி வெச்சாளே, அதப் பெருசா ஃப்ரேம் போட்டு மாட்டணும்!”

“அண்ணி, நான் ஒண்ணும் பயப்படல!”

“நீ பயப்படல, படகுதான் பயந்துச்சு!”

புதிய படங்களிலிருந்து பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தான் மெக்கானிக். ஏரிப் படங்கள் முடிந்தன. வாத்துப் படகு திரையில் பெரிதாய் விரிந்ததும் தையல்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அண்ணி, வந்திருச்சு. சகிக்கல.”

“எது?”

“அதான், ஏரியில எடுத்தீங்களே.”

“ஏரிக்கா? எப்பப் போனீங்க? என்னைக் கழட்டி விட்டுட்டா? நல்லா இருங்கம்மா, நல்லா இருங்க!”

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவின் நக்கல் எப்போதும் அப்படித்தான், முகத்தில் ஒரு சுளிப்புகூடத் தெரியாது. சிரித்துக்கொண்டே அடுத்த தொகுதியைக் கட் பண்ணினான். தையல் கடை திறந்த நாள்.

“அக்கா, கடைப் படம் ஒண்ணுகூட ஆடல. கில்லாடிதான் நீ!”

“எந்தக் கடைடா?”

இந்தத் தடவை அந்தக் குரலில் சிரிப்பு ஒளிந்திருக்கவில்லை. தையல்காரி அடுப்படி வாசலுக்குப் போனாள். அண்ணி பூண்டை மடியில் போட்டுவிட்டு, தன் ரவிக்கைக் கையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தையல் நல்லா இருக்கில்ல? யார்கிட்டக் குடுத்தேன்னுதான் ஞாபகம் வரல.”

“நான்தானே அண்ணி தெச்சேன்.”

“உனக்குத் தைக்கத் தெரியுமா? சொல்லவே இல்லியே, கள்ளி!”

தையல்காரி அறைக்குத் திரும்பி ஓடி வந்தாள்.

“நிறுத்துங்க. அத நிறுத்துங்க!”

“பாதியில நிறுத்தினா கெட்டுப்போயிடும்னு நீதானே—”

“இப்ப என்ன ஓடுது?”

“நம்ம கல்யாணம். அதுதான் கடைசி.”

அவள் மவுஸைப் பிடுங்குவதற்குள் பச்சைக் கோடு கரை சேர்ந்துவிட்டது. அறை வாசலில் பூண்டு வாசனை. அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். தையல்காரியைப் பார்த்ததும் சட்டென்று குரலைத் தழைத்துக்கொண்டாள்.

“ஏன்டா, வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? உக்காருங்கம்மா. நின்னுக்கிட்டே இருக்கீங்களே. டீ போட்டு எடுத்துட்டு வரேன்.”

போய்விட்டாள். ‘அடியே’ என்றும் ‘கள்ளி’ என்றும் கூப்பிட்ட வாயில் அந்த ‘உக்காருங்கம்மா’ எவ்வளவு மரியாதையாக வந்தது!

“அக்கா விளையாடுறா,” என்றான் மெக்கானிக். குரல் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

தையல்காரி வாத்துப் படகை மட்டும் கட் பண்ணி, திரும்பக் கேமராவில் போட்டாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“தம்பி! ஏரியில படகுக்குப் பயந்து அலறினது இந்த அம்மாதானே? அப்பவே கேக்கணும்னு நினைச்சேன், இவங்க யாருடா?”

தையல்காரி மவுஸைப் புருஷன் கையில் திணித்தாள்.

“எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க. ஒண்ணுவிடாம.”

அவன் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துக் கேமராவுக்குள் தள்ளினான். ஏரி, கடை, கல்யாணம் என்று சின்னச் சின்னச் சதுரங்களாக ஓடின. நடுநடுவே கன்னங்கரேலென்று சில சதுரங்களும் சேர்ந்து ஓடுவதைத் தையல்காரி பார்த்தாள்.

“அது என்னங்க கறுப்பா?”

“என் வேலைப் படம். அதே ஃபோல்டர்லதான் கெடந்துச்சு, அதுவும் சேர்ந்து போகுது. புதுசா மாட்டின லிஃப்டோட குழி. மேலேர்ந்து டார்ச் அடிச்சு, என் ஃபோன்ல ஆபீசுக்கு எடுத்தது. வெறும் இருட்டு, அப்புறம் அழிச்சுக்கலாம். நீ கோட்டப் பாரு.”

கோடு முடிந்தது. இரண்டு பேரும் வாசலையே பார்த்தார்கள்.

அண்ணி தட்டில் மூன்று டம்ளரோடு வந்தாள்.

“என்னடி அப்படி முழிக்கிற? வாத்து கடிச்சிருச்சா?”

தையல்காரி எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டீ தளும்பியது.

“அண்ணி, எங்க கல்யாணத்துல நான் என்ன கலர் புடவை?”

“அரக்கு. அதோட முந்தானைய மிதிச்சு, மாப்பிள்ளை மேலயே விழப் பாத்தியே. நான்தான் புடிச்சேன்.”

“கடை?”

“எந்தக் கடை? ஓசியில எனக்கு ஒரு ரவிக்கை தெச்சுட்டு ஊரெல்லாம் சொல்லிக் காட்டுறியே, அந்தக் கடையா?”

தையல்காரி அழுதுகொண்டே சிரித்தாள். மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் வழித்துவிட்டுக்கொண்டான். “போதும்டா சாமி. இனிமே அந்த வயரையே தொட மாட்டேன்.”

அண்ணி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் குடித்தாள். பிறகு, ஏரியைப் பற்றியும் கடையைப் பற்றியும் பேசிய அதே சாதாரணக் குரலில், தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏன்டா தம்பி, அந்தக் குழிக்கு அடியில நின்னு உன்னையே அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தாரே ஒருத்தர், அவரை மேல ஏத்திவிடாமலேயா வந்துட்ட?”